தவறிய மணித்தியாலம் பூச்சியம்

உடல்நலக் குறைவு வேலைத்திறனை எவ்வளவு பாதிக்கிறது என்பதை அளக்க, 1993 இல் வெளியான, ஆறே கேள்விகள் கொண்ட வினாக்கொத்தொன்று பல நாடுகளில் பயன்படுகிறது. கடந்த 7 நாட்களில் நோயால் தவறிய மணித்தியாலங்களைக் கேட்டபின், வேலை செய்த நேரத்தில் நோய் எவ்வளவு தடுத்தது என்பதை 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்கிறது. முழங்கால் நோவுடன் உரும்பிராயில் வெங்காயம் செய்யும் மாமியிடம் நேற்று அவற்றைக் கேட்டுப் பார்த்தேன் (என் ஆர்வக்கோளாறுதான்).

"நான் நிண்டால் ஆர் தம்பி தண்ணி மாறுறது?" என்றார், ஆகவே தவறிய நேரம் பூச்சியம். ஆனால் முன்பு ஒரு காலையில் முடித்த களையெடுப்பு இப்போது இரண்டு நாட்களாக இழுபடுவதால், அடுத்த கேள்விக்குத் தயங்காமல் 8 என்றார். வராத நாட்களை மட்டும் எண்ணும் எந்த லீவுப் பதிவேட்டிலும் இந்த 8 விழாது. வீட்டு வேலை போன்ற மற்ற அன்றாட அலுவல்களைப் பற்றிய கடைசிக் கேள்விக்கு மாமி சிரித்தாரே தவிர, இலக்கம் சொல்லவில்லை.