கொக்கே, அந்தப் பக்கம் போகாதே

சாயல்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி மாலை நாலரை. வைகாசி வெயில் இன்னும் குறையவில்லை. நண்பன் பைக்கோடு நின்றிருந்தான். கல்லூரியில் என் அறைத்தோழன். பத்து வருடமாக "ஒரு தடவை எங்க ஊர் திருவிழாவுக்கு வாடா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பவன். இந்த முறை போனில் "நாடகம் உண்டா?" என்று கேட்டேன். "வள்ளி திருமணம் இல்லாம எங்க அம்மன் விடுமா?" என்றான். உடனே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போய், கடல் பக்கம் திரும்பும் ஒற்றைச் சாலையில் இறங்கினோம். இரண்டு பக்கமும் பனை, பனை விட்டால் சீமைக்கருவேலம். நடுவில் ஒரு பெரியவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார், நிறுத்தி ஆளுக்கு நாலு சாப்பிட்டோம். ஊருக்குள் நுழைந்ததும் எங்கே பார்த்தாலும் ஆண்கள். திண்ணையில், வேப்பமரத்தடியில், வலை பின்னும் கொட்டகையில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் படகில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் வீட்டில் இருக்கிறார்கள். "திருவிழா வைக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது, வீட்டுல சண்டை வரவும் இதைவிட நல்ல நேரம் கிடையாது" என்றான் நண்பன்.

கோயிலுக்கு எதிரே மேடை போட்டிருந்தார்கள். அம்மன் சந்நிதியிலிருந்து நேராகப் பார்த்தால் மேடை தெரிய வேண்டும் என்பது கணக்கு. நாடகம் முதலில் அவளுக்கு, அப்புறம்தான் நமக்கு. சுவரெல்லாம் நோட்டீஸ். வட்டம் வட்டமாக நடிகர்களின் படம், ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு முழ நீளத்துக்குப் பட்டம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், பல தாளக்கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டு என்று வரிசை.

இந்த நோட்டீஸை நன்றாகப் படித்தால் ஒன்று புரியும். ஒருவர் மதுரை, ஒருவர் புதுக்கோட்டை, ஒருவர் காரைக்குடி. இது கம்பெனி நாடகம் கிடையாது, ஸ்பெஷல் நாடகம். ஊர்க்காரர்கள் ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகத் தேதி கேட்டு ஒப்பந்தம் செய்வார்கள். அன்று இரவு மேடையில்தான் வள்ளியும் முருகனும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. எல்லாருக்கும் இந்த நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் மனப்பாடம், அதனால் நடக்கிறது. 1867இல் பிறந்து 1922இல் மறைந்த மனிதர். நாடகத்தில் நல்லவர்கள் யார், எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தத் தர்க்கம் என்பதையெல்லாம் அவர் முடிவு செய்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மிச்சத்தை அன்றைக்கு இரவு கூடுகிறவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ராத்திரி ஏழரைக்கு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தோளில் துண்டு போட்ட ஒல்லியான ஆள் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கடைக்காரரிடம் நிறையக் கேள்வி. எந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை, யார் புது வீடு கட்டுகிறார்கள், எந்த வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார். ஏதோ பெண் பார்க்க வந்தவர்போல என்று நினைத்தேன். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணனுக்கு எந்த ஊரு?" என்றார். மதுரை என்றேன். "இங்க என்ன ஜோலியா?" என்றார். "நாடகம் பத்தி எழுதலாம்னு வந்தேன்" என்று வாயை விட்டேன். "ஓகோ, எழுதவா?" என்று தலையை ஆட்டிவிட்டு, டீ கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.

பத்து மணி தாண்டி ஆர்மோனியம் ஆரம்பித்தது. நண்பனின் அப்பத்தா எனக்கும் சேர்த்துப் பாய் விரித்து வைத்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பக்கத்தில் வெற்றிலைப் பெட்டி. முன்னால் பூராவும் பிள்ளைகள், அடுத்து பெண்கள், பின்னால் நாற்காலியில் ஊர்ப் பெரியவர்கள், கடைசியில் நின்றுகொண்டே பார்க்கும் இளவட்டங்கள். முதலில் விழாக் குழுவில் ஒருவர் மைக்கைப் பிடித்து, போலீஸ் அனுமதிக் கடிதத்தில் இருந்த நிபந்தனைகளைப் படித்தார். ஆபாசம் கூடாது, சாதி கூடாது, கட்சி கூடாது. படித்து முடித்ததும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப நான் ஊருக்குக் கிளம்பட்டுமா?"

டீக்கடை ஆள்தான். பபூன் அவர்தான்.

வந்து ஐந்து நிமிடத்துக்குள் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். என் கையில் நோட்டுப் புத்தகம் வேறு இருந்தது. "தாய்மார்களே, முன்னாடி பேனாவும் கையுமா ஒரு அண்ணன் உக்காந்திருக்காரு. என்னண்ணேன்னு கேட்டேன், எழுத வந்திருக்கேங்குறாரு. வீட்டுல யாராவது பேனை ஓட விட்டுட்டு வந்திருந்தா ஓடிப்போய் ஆஃப் பண்ணிருங்க. மீட்டர் எழுதிட்டுப் போயிருவாரு!" ஆல்ரவுண்டுக்காரர் தட்டில் ஒரு அடி போட்டார். கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. நான் நோட்டைத் தொடைக்கு அடியில் தள்ளினேன். விடிகிற வரை பிள்ளைகளுக்கு நான் "ஈபி மாமா".

டான்ஸ் பார்ட் அம்மா வந்ததும் இரண்டு பேருக்கும் வாய்ச் சண்டை. என்ன தொழில் பார்க்கிறாய் என்று அவர் கேட்க, மீன்பிடி என்கிறார் இவர். "எத்தனை மீன் புடிச்ச?" "அம்மாடி, தடைக்காலம்." "சரி, அப்ப வீட்டுல எப்படி?" "வீட்டுலயும் தடைக்காலந்தான்." பெண்கள் பகுதியில் இருந்துதான் சிரிப்பு அதிகம் வந்தது. அப்புறம் பாம்பன் புதுப் பாலம். 1914ஆம் வருடத்துப் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த, நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும் பாலம். "கப்பல் வந்தா பாலத்தைத் தூக்குறாங்க, கப்பல் போனதும் இறக்கிடுறாங்க. நான் ஒரு ஆபீசுல மனு குடுத்தேன். தூக்கி மேல வச்சாங்க. நாலு வருசமாச்சு, இன்னும் இறக்கல. எந்தக் கப்பல் போகணுமோ தெரியல!" பின்னாலிருந்து ஒருவர், "எனக்கு ஏழு வருசம்யா!" என்று கத்தினார். "அண்ணே, உங்க கப்பல் முழுகிருச்சு" என்றார் பபூன், யோசிக்காமல்.

எல்லா ஜோக்கும் இந்தத் தரத்தில் இருந்ததாகச் சொன்னால் பொய். இரண்டு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் ஒரே அரைத்த மாவு. டான்ஸ் அம்மாவின் உடம்பை வைத்துச் சொன்ன சிலது எனக்குப் பிடிக்கவில்லை, அந்த அம்மா திருப்பிக் கொடுத்ததுதான் நன்றாக இருந்தது. அப்பத்தா ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். "இது போன வருசம் வந்தவன் சொன்னது." "இது எனக்குக் கல்யாணம் ஆன வருசம் சொன்னது." பாலத்து ஜோக்குக்கு மட்டும் வெற்றிலையை மெல்வதை நிறுத்தி, "இது புதுசு" என்றார்.

இதைவிட எரிச்சல், அன்பளிப்பு. நாரதர் உயிரைக் கொடுத்து விருத்தம் பாடிக்கொண்டிருப்பார். ஒருவர் மேடையேறிச் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார். நாரதர் பாட்டை நிறுத்தி, இன்னார் மகன் இன்னார் 101 ரூபாய் என்று வாழ்த்திவிட்டு, விட்ட சொல்லிலிருந்து மறுபடி எடுப்பார். முதல் மூன்று தடவை எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. நாலாவது தடவை கவனித்தேன். பணத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் போகிறது. வேண்டிய பாட்டு அதில் எழுதியிருக்கும். வள்ளிக்கும் நாரதருக்கும் தர்க்கம் நடக்கும்போது கூட்டமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. நாரதர் பக்கம் ஒரு நூறு விழுந்தால், பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து வள்ளிக்கு நூற்றைம்பது. பணம் விழுந்த பக்கம் வாதம் நீளும். வழக்கமாக முக்கால் மணி நேரத்தில் முடியவேண்டிய தர்க்கம் ஒன்றரை மணி நேரம் போனது. அதில் நாரதர் புராணத்தில் ஒரு பெயரை மாற்றிச் சொல்ல, எனக்குப் பக்கத்திலிருந்து அப்பத்தா சரியான பெயரைச் சத்தமாகச் சொன்னார். நாரதர் மேடையிலிருந்தே கும்பிட்டார்.

லண்டனில் இருக்கும் என் மைத்துனன் 'மிகாடோ' என்ற இசைநாடகம் பார்த்துவிட்டு வந்து ஒருமுறை சொன்னான். 1885இல் சவாய் தியேட்டரில் அரங்கேறியது. அதில் வரும் ஒரு பாத்திரம், யார் யார் ஒழிந்தால் யாரும் வருந்தமாட்டார்கள் என்று ஒரு பட்டியலைப் பாடும். அந்தப் பட்டியலில் மட்டும் அன்றன்றைய ஆட்களைச் சேர்த்துப் பாடுவது வழக்கமாம். ஒரு பாட்டில் ஒரு சன்னல் திறந்து வைத்திருக்கிறார்கள். இங்கே வீட்டுக்குச் சுவரே நாலில் ஒன்றுதான் இருக்கிறது, மிச்சமெல்லாம் சன்னல்.

இரண்டு மணிக்கு மேல் தினைப்புனக் காட்சி. வள்ளி பரண்மேல் நின்று ஆலோலம் பாடிப் பறவைகளை விரட்ட வேண்டும். முன்வரிசைப் பிள்ளைகள் பாதி தூங்கிவிட்டார்கள். கடல் காற்று படுதாவை உப்பவைத்து, தினைப்புனமே அசைவதுபோல் இருந்தது. புதுக்கோட்டைப் பக்கத்து அம்மா, நல்ல சாரீரம். கிளியை விரட்டினார், மயிலை விரட்டினார், கொக்கைக் கூப்பிட்டார்.

அப்போது கூட்டத்தின் கடைசியிலிருந்து ஓர் ஆண் குரல்.

"ஆத்தா, கொக்கைக் கிழக்க விரட்டாதே! நேவிக்காரன் புடிச்சுக்குவான்!"

முதலில் சிரிப்பு. பெரிய சிரிப்பு. அப்புறம் அது ஒரே நேரத்தில் அடங்கியது. கச்சத்தீவு அந்தத் திசையில்தான் எங்கோ இருக்கிறது. 1974 ஒப்பந்தத்தில் இலங்கைக்குப் போன தீவு. எல்லை தாண்டினார்கள் என்று பிடிபட்ட படகு, யாழ்ப்பாணச் சிறை, திரும்பி வராத எஞ்சின் என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை வீட்டுக்கு என்ன கதை இருந்ததோ. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

வள்ளி ஒரு மூச்சு நிறுத்தினார். ஆர்மோனியக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அதே சுருதியில் விரலை வைத்துப் பிடித்தபடி காத்திருந்தார். பிறகு அந்த அம்மா, அதே மெட்டில், கொக்கே அந்தப் பக்கம் போகாதே, கோடு போட்ட கடலுக்குப் போகாதே என்று எடுத்தார். சொல்லை அந்த நொடியில் கோத்ததுதான், இரண்டாவது அடி தாளத்துக்குக் கொஞ்சம் இடித்தது. மிருதங்கக்காரர் இழுத்துப் பிடித்துக் கொடுத்தார். மூன்றாவது தடவை பாடும்போது பின்னால் நின்ற இளவட்டங்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் மேடையேறிப் பணம் குத்தவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்த ஒரு பாட்டுக்குத்தான் இடையில் அன்பளிப்பு இல்லை.

இந்தக் கொக்குக்கு ஒரு பழைய கதை உண்டு. சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ் என்ற நடிகர் வெள்ளைக்காரன் காலத்தில் இதே நாடகத்தில் பாடியதும் கொக்குப் பாட்டுத்தான். மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிக் கொடுத்தது. தினைப்புனத்தில் வந்து இறங்கும் வெள்ளைக் கொக்கு யார் என்று கேட்கிற எல்லாருக்கும் தெரியும், போலீசுக்கும் தெரியும். நாடகத்தைக் கட்டுப்படுத்த 1876லேயே சட்டம் போட்டிருந்தார்கள். வேலனும் வள்ளியும் பறவை விரட்டுவதைத் தடுக்க முடியாது, என்ன பறவை என்பதில்தான் வழக்கு. அவரைத் திரும்பத் திரும்பக் கைது செய்தார்கள், விட்டதும் அவர் திரும்பத் திரும்ப மேடையேறினார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ராயல் தியேட்டரில் முருக வேடத்தோடு மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது.

அந்தக் கதையெல்லாம் வள்ளி வேடம் போட்ட அம்மாவுக்குத் தெரியுமா என்று விடிந்ததும் கேட்கலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை. வேடன், வேலன், விருத்தன் எல்லாம் வந்து, யானை வந்து, கல்யாணம் முடிந்து மங்களம் பாடும்போது கிழக்கே கடல் வெளுத்திருந்தது. மேடைக்குப் பின்னால் போனால், முகத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்து அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா போனில், "பஸ் ஏறிட்டேன்னு சொல்லு, பிள்ளையை ஸ்கூலுக்குக் கிளப்பு" என்று யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ராத்திரி வேறு ஊர், வேறு முருகன். கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மேடைக்குப் பக்கத்தில் பிள்ளைகள் வள்ளியின் பரணில் ஏறி ஆடிக்கொண்டிருந்தார்கள். "ஈபி மாமா, டாட்டா" என்றது ஒன்று.

இரண்டு வாரம் கழித்து நண்பன் போன் செய்தான். முதுகுளத்தூர் பக்கத்தில் அவன் சொந்தக்காரர் ஊரில் திருவிழா, அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கேயும் அதே பபூன்.

"டேய், உன்னைப் பத்திச் சொன்னாருடா."

"மீட்டர் எழுதுறவன்னா?"

"இல்ல. அங்க நீ நகைக்கடன் ஆபீசர். நோட்டோட முன்னாடி வந்து உக்காந்திருக்காரு, எல்லாரும் கழுத்தை மூடிக்கங்கன்னாரு. பூராப் பொம்பளைங்களும் முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டாங்க."

"நான் அங்க இல்லவே இல்லையேடா?"

"அதுக்கென்ன, முன்னாடி உக்காந்திருந்த ஒரு கணக்குப்பிள்ளையைக் கைகாட்டிட்டாரு."

சிரித்து முடித்து, அப்பத்தா என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் நம்ம ஊருக்கு வந்து இதையே சொன்னான்னா பாயைச் சுருட்டிட்டு எந்திரிச்சுப் போயிருவேன், அவன்கிட்ட இப்பவே சொல்லி வைன்னு சொன்னுச்சு."