நிலக்கரிப் பைரைட்டில் ஆர்செனிக்: மூன்றாம் சுற்றுக் குறிப்பு

நிலக்கரியிலிருந்து பைரைட்டை (இரும்பும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கனிமம்) பிரித்து, அதிலுள்ள ஆர்செனிக்கைப் பார்ப்பதே வேலை. இந்தச் சுற்றுக்கு எடுத்தது, மஞ்சள் நரம்பு ஓடிய கட்டிகளாகப் பொறுக்கிய 2 கிலோ நிலக்கரி. கந்தகம் கூடுதலான நிலக்கரி என்றால் பைரைட்டும் கூடுதல் என்று கணக்குப் போட வேண்டாம். அசாம், மேகாலயா நிலக்கரிகளில் கந்தகத்தின் பெரும்பங்கு கரிமப் பொருளோடு பிணைந்தே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நரம்புதான் நமக்கு வேண்டியது.

துணியில் சுற்றித் தட்டியதும் விரிசலோடு படிந்த பைரைட் தகடு தகடாகக் கழன்றது. அதை இடுக்கியால் எடுத்துத் தனிப் புட்டியில் போட்டாயிற்று. மீதியை அகேட் என்னும் கடினக் கல்லால் ஆன கல்வத்தில் அரைத்து, அரை மி.மீ. சல்லடையில் சலித்தோம். இரும்புக் கல்வத்தில் அரைத்தால் குரோமியமும் மாங்கனீசும் நிலக்கரியில் இருந்ததுபோலவே அளவில் ஏறிவிடும்.

நிலக்கரியின் அடர்த்தி கன செ.மீ.க்குச் சுமார் 1.3 கிராம், பைரைட்டுக்கு 5. இரண்டுக்கும் இடைப்பட்ட அடர்த்தியுள்ள திரவத்தில் போட்டால் நிலக்கரி மிதக்கும், பைரைட் அடியில் தங்கும். சமையல் உப்பைக் கரையும் மட்டும் கரைத்தாலும் 1.2தான் வரும், நிலக்கரி மிதக்காது. துத்தநாகக் குளோரைடு 500 கிராம், தண்ணீர் 500 கிராம் என்று கலந்தால் 1.57 கிடைக்கும். கரைக்கும்போது நன்றாகச் சுடும், தோலையும் அரிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். முதல் முறை கரித்தூள் நனையாமல் ஆடைபோல மேலே நின்று, நுண்ணிய பைரைட்டையும் தூக்கி வைத்துக்கொண்டது. ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கலக்கியதும் தெளிந்தது. ஒன்று: இப்படிப் பிரித்த மாதிரியில் துத்தநாகத்தைத் தேடிப் பயனில்லை. அதற்கு வெறும் தண்ணீரில் அரிப்பதே வழி.

அடியில் நின்றதில் களிமண்ணும் குவார்ட்சும் கலந்திருந்தன. பொன் அரிப்பதுபோலத் தட்டில் சுழற்றி அவற்றை வெளியேற்றினோம். காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை அலசி, ஸ்பிரிட் ஊற்றி, அன்றே உலர்த்திவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் பைரைட் சல்பேட்டாகி, அமில நீரில் ஆர்செனிக்கும் சேர்ந்து கழன்று போகும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவே பத்திரம். அடுப்பில் வறுத்துக் காயவைக்கும் யோசனையே கூடாது. சீனாவின் குய்சோவில் 3.5 விழுக்காடு வரை ஆர்செனிக் கொண்ட நிலக்கரிப் புகையில் மிளகாய் உலர்த்தித்தான் மக்கள் நஞ்சேறி நோயுற்றார்கள்.

எக்ஸ்ஆர்எஃப் கருவியில் வைத்தபோதுதான் உண்மையான தலைவலி. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றல்களில் திருப்பி உமிழும் கதிர்களை (கோடுகள்) அளந்து, என்ன தனிமம் என்று சொல்லும் கருவி இது. திரையில் ஆர்செனிக், ஈயம் இரண்டுமே வந்தன. ஆர்செனிக்கின் முதன்மைக் கோடு 10.54 கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஈயத்தினுடையது 10.55. இத்தகைய கருவியால் பிரிக்க முடியாத நெருக்கம். ஆகவே ஆர்செனிக்கை 11.73லும் ஈயத்தை 12.61லும் பார்க்க வேண்டும். ஆர்செனிக்கின் இந்த இரண்டாம் கோடு முதலாவதில் சுமார் ஏழில் ஒரு பங்கே என்பதால் 60 வினாடி போதாது, 300 வினாடி வைத்தோம்.

12.61இலும் ஒரு பொறி உண்டு. இரும்பின் 6.40 கதிர்கள் இரண்டு ஒரே நேரத்தில் உணரியில் விழுந்தால் 12.80 என்று பதிவாகும். பைரைட்டில் பாதி இரும்பு, கேட்கவா வேண்டும்! குழாய் மின்னோட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினால் குட்டு வெளிப்படும். உண்மையான ஈய முகடு பாதியாகும், இந்தக் கூட்டு முகடு கால்வாசியாகும். இங்கே கால்வாசியானது, அதாவது அது ஈயமல்ல, இரும்பின் கூட்டு முகடுதான்.