எட்டு வாட்டும் வெள்ளி இரதமும்

கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போவிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தெருவுக்கு, தைப்பூசக் காலத்தைத் தவிர மற்ற நாள்களில் நாதஸ்வரமும் தவிலும் கேட்கும் பேறு கிடைப்பதில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்தப் பேறு கிடைத்ததற்கு நானும் என் நண்பருமே பொறுப்பு என்பதைப் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டியிடம் நேரில் சென்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

என்னிடம் இருப்பவை எல்எஸ்3/5ஏ வகை ஸ்பீக்கர்கள். 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்தில், முக்கியமாகப் பேச்சுக்குரல் சரியாகப் பதிவாகிறதா என்று கேட்டறிவதற்காக வடிவமைத்த சிறிய பெட்டி அது. உயரம் ஓர் அடிதான். அதன் விலையை என் மனைவியிடம் ஒரே மூச்சில் சொல்லத் துணிவில்லாமல், இடப்பக்கப் பெட்டிக்கு இந்த மாதம், வலப்பக்கப் பெட்டிக்கு அடுத்த மாதம் என்று இரண்டு தவணையாகச் சொன்னேன். நண்பர் வைத்திருப்பதோ கிளிப்ஷ் நிறுவனத்தின் ஹெரசி. 1957-இல் அறிமுகமாகி இன்றுவரை பல தலைமுறை கண்ட பெட்டி. நடு ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் அதில் ஒலியை உரக்க வீசும் கூம்புகள் (ஹார்ன்) உண்டு. இவற்றுள் எது மேல் என்று மாமாக் (தமிழ் முஸ்லிம்) உணவுக்கடையில் தே தாரிக் தேநீர் ஆறிப்போகும்வரை வாதிட்டதன் விளைவாகவே, அவர் தம் பெட்டிகளைக் காரின் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் கேட்பதுதான் நியாயம் என்று முடிவாயிற்று. நான் புதிதாக வாங்கியிருந்த ஆம்ப்ளிஃபயர், 300பி என்ற வால்வை, அதாவது ஒளிரும் கண்ணாடிக் குழாயை, இடம் வலம் என்று பக்கத்துக்கு ஒன்றாகக் கொண்டு எட்டு வாட் தருவது. இருட்டில் அது எரியும் அழகுக்கே பாதி விலை கொடுக்கலாம். முதலில் என் பெட்டிகளை இணைத்து ஒரு மங்கல இசைப் பதிவை ஓடவிட்டோம். நாதஸ்வரம் எங்கோ இரண்டு தெரு தள்ளிக் கேட்பதுபோல் கேட்டது. ஒலியைக் கூட்டினேன், இன்னும் கூட்டினேன். குமிழ் கடைசிவரை போய்விட்டது. தவில் அடி விழும் இடங்களிலெல்லாம் அட்டைப் பெட்டியைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது. "உங்கள் தவில்காரர் நனைந்துவிட்டார்" என்றார் நண்பர்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்பது கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். 2.83 வோல்ட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் என் பெட்டி ஏறத்தாழ 82.5 டெசிபல் ஒலியளவு தரும். இன்றைய ஹெரசி 99 தரும் என்கிறார்கள். திறனை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான், பத்து மடங்காக்கினால் 10 டெசிபல். அப்படிப் பார்த்தால், அந்தப் பெட்டி ஒரு வாட்டில் எழுப்பும் ஒலியை என் பெட்டி எழுப்புவதற்கு, 2.83 வோல்ட்டில் அது வாங்கும் அரை வாட்டுச் சொச்சத்தைப்போல் சுமார் 45 மடங்கு, அதாவது ஏறத்தாழ 24 வாட் வேண்டும். கையில் இருந்ததோ எட்டு.

அந்தக் கணக்கை நான் பிறகுதான் போட்டேன். அப்போது செய்தது என்னவென்றால், ஆம்ப்ளிஃபயரை முறைப்படி அணைத்து, கம்பிகளை நண்பரின் பெட்டிகளுக்கு மாற்றி, மறுபடி முடுக்கிவிட்டு, வால்வுகள் சூடாக வேண்டிய அரை நிமிடத்துக்குள் தண்ணீர் குடித்து வரலாமென்று இருவரும் சமையலறைக்குப் போனதுதான். ஒலிக்குமிழ் கடைசியிலேயே நின்றிருந்ததை இருவருமே மறந்துவிட்டோம்.

வால்வு சூடேறச் சூடேறக் கச்சேரி கிளம்பி, நாங்கள் ஓடி வருவதற்குள் முழு வேகத்தை எட்டிவிட்டது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. தெரு நாய்கள் ஒன்றாகக் குரைத்தன. நான் குமிழைத் திருப்பிவிட்டு வாசலுக்கு வந்தபோது, பக்கத்து வீட்டு மூதாட்டி தெருவில் நிறுத்தியிருந்த தம் காரை அவசரமாக உள்ளே எடுத்து விட்டுக்கொண்டிருந்தார். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குத் துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து பத்துமலைக்குச் செல்லும் வெள்ளி இரதம், இந்த முறை பாதை மாறி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார்.

கேட்டருகே நாளிதழ் படித்துக்கொண்டிருந்த என் மாமனார் அப்போதுதான் எழுந்து உள்ளே வந்தார். இளவயதில் தோட்டத்துத் திருவிழாக்களுக்கு மைக் செட் போட்டவர். கார் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபயரையும் தென்னைமரத்தில் கட்டிய இரண்டு கூம்புகளையும் வைத்துக்கொண்டு மூன்று லயத்துக்கும் (தோட்டக் குடியிருப்பு வரிசை) கேட்கவைத்தவருக்கு என் எட்டு வாட் பெரிதாகவே பட்டிருக்க வேண்டும். "கூம்புக்கு ஒரு வாட் போதுமே, மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் குனிந்து, "உங்கள் பெட்டி எத்தனை ஓம்?" என்று கேட்டார். பதினைந்து என்றேன். ஓம் என்பது பெட்டியின் மின் எதிர்ப்பு; அதற்கு நெருங்கிய முனையில்தான் பெட்டியை மாட்ட வேண்டும். நான்கு, எட்டு, பதினாறு என்று மூன்று முனைகள் இருக்க, நான் அதை நான்கில் மாட்டியிருந்தேனாம். இருந்த எட்டு வாட்டையும் நானே தடுத்து வைத்திருந்தேன் என்பதை நண்பரின் முன்னிலையில் கேட்க நேர்ந்தது.

பதினாறுக்கு மாற்றியதும் நாதஸ்வரம் ஒரு தெரு நெருங்கி வந்தது. தவில் இன்னும் நனைந்தே இருந்தது. கடைசியில் மாடிப்படிக்குக் கீழே துணி சுற்றிக் கிடந்த என் பழைய 60 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரைத் தூசி தட்டி எடுத்து இணைத்த பிறகே என் பெட்டிகளுக்கு உயிர் வந்தது. சற்றே உரக்கக் கேட்பதைக் காது தானாகவே மேலானது என்று எடுத்துக்கொள்ளும் என்பதால், இரண்டு ஜோடிகளின் ஒலியளவையும் கைப்பேசிச் செயலியால் அளந்து சமப்படுத்தினோம். தெருவில் ஒரு மோட்டார்சைக்கிள் போகும்போதெல்லாம் அளவு எகிறியதால் அதற்கே அரைமணி நேரம் ஆயிற்று.

தவிலுக்கு நண்பரின் பெட்டிதான். அதை நான் அங்கேயே ஒத்துக்கொண்டேன். அடுத்ததாக ஒரு பழைய சொற்பொழிவுப் பதிவை என் பெட்டிகளில் மெதுவாக ஓடவிட்டோம். சில நிமிடங்கள் கழித்து மாமியார் தேநீர்த் தட்டோடு சமையலறையிலிருந்து வந்தார். நாங்கள் மூவர் இருந்தோம். தட்டில் நான்கு குவளைகள் இருந்தன. "பேசிக்கொண்டிருந்த பெரியவர் எங்கே, கிளம்பிவிட்டாரா?" என்று கேட்டார். நண்பர் என்னைப் பார்த்தார். நான் பெட்டிகளைப் பார்த்தேன். நான்காவது குவளையை மாமனார் எடுத்துக்கொண்டார்.