பிரேத அறையில் கையெழுத்திடும் உரிமை

திருகோணமலையில் நொத்தாரிசு ஒருவரின் அலுவலகத்தில் உறுதி எழுதும் வேலையில் இருக்கிறேன். மரண சாசனம் எழுத வருகிறவர்கள் வீட்டையும் வளவையும் வயலையும் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லி முடித்த பின்னர், பெரும்பாலும் எழுந்து போகும் தறுவாயில், தம்மை எரிக்காமல் புதைக்க வேண்டும் என்றோ, புதைக்காமல் எரிக்க வேண்டும் என்றோ அதில் ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்பதுண்டு. சேர்க்கலாம், எழுதுவதற்குத் தடை எதுவுமில்லை. ஆனால் காணி பற்றி எழுதிய வரிக்குச் சட்டத்தில் இருக்கும் பலம் உடலைப் பற்றி எழுதிய வரிக்கு இல்லை என்பதையும் சொல்லித்தான் அனுப்புகிறோம்.

இதற்கு ஆதாரமாக எல்லோரும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு 1882இல் இங்கிலாந்தில் வழங்கப்பட்டது. குரூக்கெண்டன் என்பவர், தம் உடலை வில்லியம்ஸ் என்னும் தோழியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தம் சாசனத்தில் பணித்து, அதைத் தகனம் செய்யும்படி அவருக்குத் தனிக் கடிதமும் எழுதிவைத்துவிட்டு 1875இல் இறந்தார். குடும்பத்தார் அவரைப் புதைத்துவிட்டனர். அந்தப் பெண் வேறு காரணம் சொல்லி அனுமதி பெற்று, உடலைத் தோண்டி எடுத்து, இத்தாலியின் மிலான் நகருக்குக் கொண்டுபோய் எரித்தார். பின்னர் அதற்கான செலவை இறந்தவரின் சொத்திலிருந்து கேட்டு வழக்குத் தொடுத்தார். ஒருவரின் சடலம் எவருடைய சொத்தும் ஆகாது, சொத்தல்லாத ஒன்றைச் சாசனத்தின் மூலம் கையளிக்கவும் முடியாது என்று நீதிபதி கே வழக்கைத் தள்ளுபடி செய்தார். உடலைப் பொறுப்பேற்று அடக்கம் செய்யும் கடமையும் அதற்கான உரிமையும் சாசன நிறைவேற்றுநருக்கே உரியவை என்பது அந்தத் தீர்ப்பின் மறுபக்கம்.

இந்த விதியை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தால் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுகிறது. இங்கே மரண சாசனம் பெரும்பாலும் முப்பத்தொன்று முடிந்த பிறகுதான் அலுமாரியை விட்டு வெளியே வருகிறது. கன்னியா வெந்நீரூற்றில் அந்தியேட்டிக் கிரியை செய்துவிட்டு வந்து அதைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, அப்பா புதைக்கச் சொல்லியிருந்தார் என்பது அப்போதுதான் தெரியவரும் என்றால், நிறைவேற்றுநரின் உரிமையால் யாருக்கு என்ன பயன்?

எங்கள் நாட்டின் பொதுச்சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். யாழ்ப்பாணத்துக்குரிய வழக்காற்றுச் சட்டமான தேசவழமை திருகோணமலைத் தமிழரைக் கட்டுப்படுத்தாது என்பதை இங்கே பலர் அறியாமல் இருக்கிறார்கள். அதே ரோமன் டச்சுச் சட்டத்தைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில், வாரிசுக்கே முடிவெடுக்கும் உரிமை என்ற பழைய கருத்தும், ஒவ்வொரு குடும்பத்தின் நிலைமையையும் பார்த்து நியாயமானதைச் செய்ய வேண்டும் என்ற பிந்திய கருத்தும் நீதிமன்றங்களில் அருகருகே நிற்கின்றன. வாரிசையே அளவுகோலாகக் கொண்டால், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி இங்கே சாசனம் எழுதாமல் இறந்த கணவனின் சொத்தில் பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகிறது. ஆகவே மனைவியின் குரலே முதலில் கேட்கப்பட வேண்டும். வழக்கத்திலோ, கொள்ளி வைக்கும் மகன்தான் எல்லாவற்றையும் தீர்மானிப்பவன்போல் நடந்துகொள்கிறான். இந்த இரண்டும் மோதும்போதுதான் குடும்பம் இரண்டாகிறது.

உவர்மலைப் பக்கத்தில் நான் அறிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. வீட்டுப் பெரியவர் கடைசிக் காலத்தில் ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, தம்மைச் சேமக்காலையில் அடக்கம் செய்யும்படி பலரிடமும் சொல்லிவைத்திருந்தார். வீட்டிலேயே திடீரென இறந்ததால், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி திடீர் மரண விசாரணை அதிகாரி வர வேண்டியதாயிற்று. மனைவியும் இறந்தவரின் தம்பியும் உடலை அடையாளம் காட்டினார்கள். பிரேத பரிசோதனை முடிந்ததும் சடலத்தைப் பொறுப்பேற்கும் இடத்தில் அந்த அம்மாதான் கையெழுத்திட்டார். பேனையை எடுத்துக் கொடுத்தது இளைய மகன். அவனுடைய மற்றக் கையில் இருந்த தொலைபேசியில் கனடாவிலிருந்து மூத்தவன், அப்பாவுக்குக் கொள்ளி வைக்காமல் விட்டால் இனி இந்த வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வாசலில் மலர்ச்சாலை வாகனத்தோடு சபையாரும் காத்திருந்தனர். அன்று மாலைவரை உறுதியாக நின்ற அந்த அம்மா மறுநாள் காலையில் பிள்ளைகளின் பக்கம் சாய்ந்தார்; உடல் இந்து மயானத்துக்குப் போயிற்று. இறந்தவரின் விருப்பத்தைச் சபையார் எடுத்துச் சொன்னார்களே தவிர, அதை வற்புறுத்த அவர்களுக்குச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம் என்று யாரோ சொன்னதாகவும் அறிந்தேன். கேட்டு, அறிவித்தல் அனுப்பி, எதிர்த்தரப்பு வந்து பதில் சொல்வதற்குள் சாம்பல் அள்ளப்பட்டிருக்கும்.

எரிப்பதா புதைப்பதா என்பதில் இறந்தவருக்கு இவ்வளவு குறைவாகச் செவிசாய்க்கும் சட்டம், மருத்துவத்துக்காக உடலைக் கொடுக்கும்போது மட்டும் அவருடைய எழுத்தை மதிக்கிறது. 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க மனித இழைய மாற்றுச் சட்டத்தின்படி, வயது வந்த ஒருவர் தம் இறப்பின் பின்னர் உடலையோ உறுப்பையோ தானம் செய்வதாக எழுத்தில் சம்மதம் தரலாம். ஆயினும் மருத்துவ பீடத்துக்குத் தகவல் சொல்லி உடலைக் கையளிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தாம் என்பதால், அவர்கள் வாய் திறக்காவிட்டால் அந்தச் சம்மதமும் கோப்பிலேயே கிடக்கும்.

குடும்பம் முழுவதும் ஒரே மனதாக இருந்தும் உரிமை பறிபோகலாம் என்பதைக் கொரோனாக் காலம் காட்டியது. தொற்றால் இறந்தவர்களின் உடல்கள் தகனம் செய்யப்பட வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11இல் வர்த்தமானி வெளிவந்தது. அடக்கமும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது பொருட்படுத்தப்படவில்லை. அடிப்படை உரிமை மனுக்களை 2020 டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காமலே பெரும்பான்மை முடிவாகத் தள்ளுபடி செய்தது. 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் சொந்த ஊர் மையவாடியில் அல்ல, முதலில் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில். தந்தைக்கும் தாய்க்கும் ஜனாஸாத் தொழுகை நடத்தி மண் போட முடியாமல் போன முஸ்லிம் குடும்பங்களிடம் 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வேண்டியதுதான், எரித்தது எரித்ததுதான்.

சாம்பலை இரண்டு பங்காக்கி ஒரு பங்கை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது பற்றியும், புதைத்த உடலை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றியும் எங்களிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். முதலாவது உறவினர் தமக்குள் பேசி முடிக்கும் விடயம். இரண்டாவதை அப்படிச் செய்ய முடியாது. அனுமதியின்றிப் புதைகுழியில் கை வைத்து இறந்தவரை அவமதிப்பவர், பிறர் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 292ஆம் பிரிவின் கீழ்க் குற்றவாளி ஆகலாம்.

1899ஆம் ஆண்டின் மயானங்கள் பற்றிய கட்டளைச் சட்டம் இடத்தைப் பற்றிப் பேசுகிறதே தவிர, குடும்பச் சண்டையைத் தீர்ப்பதில்லை. என்னைக் கேட்டால், இரண்டு பக்கத்தில் ஒரு சட்டம் போதும்: உயிரோடு இருக்கும்போது ஒருவர் இரண்டு சாட்சிகளின் முன்னால் தம் உடலுக்குப் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறிப்பிட்டு நியமிக்கலாம், அந்தத் தாளைக் காட்டுபவரிடமே பிரேத அறை உடலைக் கொடுக்க வேண்டும், தாள் இல்லாவிட்டால் மனைவி அல்லது கணவன், பிறகு பிள்ளைகள், பிறகு பெற்றோர், தகராறு வந்தால் அன்றைக்கே நீதவான் தீர்த்துவைக்கலாம். பல ஆண்டுகளாகப் பிரிந்து வாழும் மனைவிக்கு அந்த வரிசையில் எந்த இடம் என்பதில்தான் நானும் எங்கள் நொத்தாரிசு ஐயாவும் இன்னும் ஒத்துப்போகவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு இல்லாதவரை அவரே மனைவி என்பது ஐயாவின் வாதம்; கடைசி வருடங்களில் கூடவிருந்து பார்த்தவரை விட்டுவிட்டு அவரிடம் உடலைக் கொடுப்பது சரியல்ல என்பது என்னுடையது.