மோதாமல் தப்பிய கணங்களின் கணக்கு

சைக்கிளில் செல்பவரை உரசுவதுபோல் ஒரு கார் கடந்துபோனால், அடிபடாதவரை அது காவல்துறைப் பதிவில் ஏறுவது அரிது. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2019-இல் வெளியிட்ட சிம்ரா செயலி இந்தக் குறையைத்தான் நிரப்ப முயல்கிறது. கைப்பேசியில் வேக மாற்றத்தை உணரும் முடுக்கமானி திடீர் பிரேக்கையும் சட்டென்ற விலகலையும் கண்டுகொள்ள, பயணம் முடிந்ததும் ஓட்டியவரே நடந்ததைக் குறித்து, வீடு எதுவென்று தெரியாதபடி பாதையின் முனைகளை வெட்டிவிட்டு அனுப்பலாம். நெருக்கி முந்தினார்களா, சைக்கிளின் வழியில் கார்க் கதவைத் திறந்தார்களா என்ற அந்தக் குறிப்பையே நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் சம்பவங்களை மட்டும் எண்ணினால் சைக்கிள்கள் மிகுந்த தெருவே ஆபத்தானதாகத் தோன்றும். அங்கு பதிவான பயணங்களின் எண்ணிக்கையால் வகுத்தாக வேண்டும். அப்படியும், பயந்து சைக்கிளையே விட்டுவிட்டவர்கள் இக்கணக்கில் வருவதில்லை என்பது என்னை உறுத்துகிறது. நகராட்சி அவர்களை நேரில் தேடிக் கேட்க வேண்டும்.