பாளையங்கோட்டைப் பட்டாளம்

கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடிக்க ஊருக்குப் போயிருந்தேன். பூட்டனாரின் கல்லில் பெயருக்குக் கீழே இருந்த வரியைச் சிறுவயதிலிருந்தே யாராலும் படிக்க முடிந்ததில்லை. பாசியைத் தேங்காய் நாரால் மெல்லத் தேய்த்து, இருட்டிய பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன். பள்ளங்களில் நிழல் விழ, எழுத்துகள் எழுந்து வந்தன: "63 பி.எல்.ஐ. சிப்பாய்".

63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் காலாட்படைப் பட்டாளம்! முதல் உலகப் போரில், 1914 நவம்பர் 2ஆம் தேதி, இதே கல்லறைத் திருநாளன்று, அவர்களை ஏற்றிச் சென்ற கப்பல்கள், அப்போது ஜெர்மானியர் வசம் இருந்த, இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்துக்கு வெளியே நின்றன. நெரிசலான கப்பலில் வாரக்கணக்கில் வந்து களைத்துப்போனவர்கள். 4ஆம் தேதி பெரும் சண்டை. சுமார் 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையை, ஏறத்தாழ 1,000 பேர் கொண்ட ஜெர்மானியப் படை முறியடித்தது. துப்பாக்கிச் சத்தத்தில் கலைந்த தேனீக்கள் இரு தரப்பையும் கொட்டித் தீர்த்தன.

பிரிட்டிஷ் அதிகாரிகளின் எழுத்தில் இந்தப் பட்டாளத்துக்குக் கிடைத்தது பழிச்சொல்தான். எனக்கு அது ஆறவே இல்லை. திட்டம் போட்டவர்களின் தவறுக்குச் சிப்பாயா பொறுப்பு?

இதையெல்லாம் சொன்னபோது பெரிய அத்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "தேன்கூடு கட்டினால் தாத்தா அந்தப் பக்கமே போகமாட்டார் என்று அம்மா சொல்லுவாள்" என்றார்.

அந்த வரியில் மட்டும் இந்த முறை சுண்ணாம்பு படாமல் பார்த்துக்கொண்டேன்.