ஆற்றை பெட்டை?

ஜூலை 13, ஞாயிறு

மயிலிட்டிக் காணியைத் துப்புரவாக்கப் போனோம். யாழ்ப்பாணத்து வடகரையில், 1990இல் போருக்குப் பயந்து எங்கள் ஆட்கள் உடுத்த துணியோடு எழும்பி ஓடிய ஊர். பிடித்து வைத்திருந்த ஆமி துறைமுகப் பக்கத்தை 2017 ஜூலையில்தான் விட்டது. எங்கள் துண்டு அதற்கும் பிறகுதான் கிடைத்தது. வீடு இல்லை. கிணறு மட்டும் இருக்கிறது, பாதி குப்பையோடு. அம்மம்மா அதன் கட்டில் கையை ஊன்றி நின்று, "இதிலயிருந்து எட்டுக் கவடு வைச்சா அடுப்படி" என்றா. அம்மா எண்ணிக்கொண்டு நடந்தா. எட்டாவது கவட்டில் நாயுருவிப் பற்றை.

நான் மல்லாகத்தில் ஒரு முகாமில் பிறந்தவள். பள்ளிக்கூடப் படிவங்களில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் மயிலிட்டி என்றுதான் எழுதுவேன். கூடப் படித்தவர்களுக்கு நான் முகாம் பெட்டை. இன்றைக்கு இங்கேயும் படம் எடுத்துக்கொண்டுதான் நின்றேன். "சுற்றுலா வந்த ஆள் மாதிரி நில்லாமல் கத்தியை எடு" என்று அம்மா ஏசினா. சரிதான்.

ஜூலை 15, செவ்வாய்

ஆடிப்பிறப்புக் கூழ் பற்றிக் கதைக்க சனசமூக நிலையத்தில் கூட்டம். முன்வாங்கிலில் இருந்த ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஆற்றை பெட்டை?" என்றார், யார் வீட்டுப் பிள்ளை என்று. அப்பாவின் பேரைச் சொன்னேன், அவர் வெளியூர். பெரியவர் உதட்டைப் பிதுக்கினார். அம்மாவின் பேர், அதுவும் பிடிபடவில்லை. ஊரை விடும்போது அவவுக்கு ஒன்பது வயது. கடைசியில் கிணற்றையும் அம்மம்மாவையும் சொன்னதும், "துலாக்கிணத்தடியாற்றை பேத்தியோ!" என்று நிமிர்ந்தவர், அதே மூச்சில் கொப்பிக்காரரிடம் திரும்பி, "பயறு வறுக்கிறது அவையின்ரை வீடு. எழுது" என்றார்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. முப்பத்தைந்து வருடமாக அந்த வேலை யார் பொறுப்பிலும் போகாமல் அப்படியே கிடந்திருக்கிறது.

வீட்டில் சொன்னேன். அம்மம்மா நிமிராமலே, "ரெண்டு கிலோ" என்றா.

ஜூலை 17, வியாழன்

விடிய நாலு மணிக்கே வறுக்கத் தொடங்கியும் ஒரு சட்டி கருகிவிட்டது. அம்மம்மா கதிரையில் இருந்தபடியே மணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டா. கருகினதைப் பொறுக்கி எறிந்தேன், முழுக்க அகப்படவில்லை.

நிலையத்து முற்றத்தில் பெரிய கிடாரம். பயறு அவிந்ததும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும். பிறகு மாவைக் கரைத்து விட்டுக் கைவிடாமல் துழாவ வேண்டும். பலாவிலை சுன்னாகத்திலிருந்து வந்தது. இலையைக் கோலி ஈர்க்குக் குத்த எனக்குத் தெரியாது. ஒரு சின்னப் பெடியன் காட்டித் தந்தான், அவனுடையதும் ஒழுகியது.

பெரியவர் இரண்டு மிடறு குடித்துவிட்டு எல்லாருக்கும் கேட்க, "பயறு கருகிப்போச்சு. பேத்தியில பிழையில்லை, அம்மம்மாவும் அந்த நாளில இப்பிடித்தான்" என்றார்.

ஒரே சிரிப்பு. அம்மம்மா மட்டும் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தா. வரும்போது ஆட்டோவில் மெல்லச் சொன்னா: "வாற வருசம் மூண்டு கிலோவா வறு. அந்தாளுக்குக் கடைசியா வார்."